மலைப் பேருந்தை மறித்த தலையணை

முதலில் பேனாக்களை மூடி வையுங்கள். நர்ஸ் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து என் வாயையே பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சமுதாய சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்றால் ஏதோ பெரிய உண்மைகளை மூட்டை கட்டி எடுத்து வந்திருப்பாள் என்று யாரோ உங்களிடம் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு ஜீப், ஒரு தலையணை, ஒரு நாய்க்கடி, அவ்வளவுதான். எலவனாசூர்கோட்டையிலிருந்து இரண்டு பேருந்து மாறி இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். எனவே சிரிக்க வேண்டிய இடத்தில் தயவுசெய்து சிரித்துவிடுங்கள்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு யாருக்குமே பிடிக்காத ஒரு வேலை என் தலையில் விழுந்தது. கர்ப்பிணிகளுக்கு எந்தத் தடுப்பூசி போடலாம், எது கூடாது என்பது பற்றி நம் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், கூட வேலை பார்க்கிறவர்களுக்கே பரீட்சை வைக்க வேண்டும். அதுவரை என்னைப் பார்த்ததும் டீ சொல்லுகிறவர்கள் எல்லாம் அன்றிலிருந்து என்னைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து எழுத்துத் தேர்வு நடத்தினோம். விடைத்தாள்களைத் திருத்தத் திருத்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரணஜன்னி என்கிற டெட்டனஸுக்கு ஊசி எத்தனை முறை, சளிக்காய்ச்சல் ஊசி போடலாமா, எல்லாம் சரி. ரூபெல்லா ஊசி பற்றிய கேள்வியில் மட்டும் எல்லோரும் தவறு. அதுவும் எல்லோரும் ஒரே தவறு, ஒரே வாக்கியத்தில். கர்ப்பமாக இருக்கும்போது போடவே கூடாத அந்த ஊசியை, “தாராளமாகப் போடலாம், தாய்க்கும் சேய்க்கும் நல்லது” என்று கூடமே சேர்ந்து எழுதியிருந்தது. வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு புண்ணியவதி விடை அனுப்பியிருக்கிறாள். மேசைக்கு அடியில் போன், மேசைக்கு மேல் முகத்தில் பக்தி. நான் தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. நாய் கடித்த கர்ப்பிணிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடலாமா? எல்லோரும் “போடலாம், போட்டே ஆக வேண்டும்” என்று எழுதியிருந்தார்கள். சரியான விடைதான். வெறிநோய் ஒருமுறை தலைகாட்டிவிட்டால் பிறகு எந்த மருந்தும் காப்பாற்றாது. தாயும் போவாள், பிள்ளையும் போகும். ஊசியால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் காகிதத்தில் போடுகிற கை, நிஜமான வயிற்றைப் பார்த்ததும் பின்னால் போகும். எதற்கு வம்பு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்று தோன்றும். உங்களுக்கும் தோன்றும், தலையை ஆட்டாதீர்கள்.

ஆகவே தாளை மூட்டை கட்டிவிட்டு, ஒரு பொய்க் கர்ப்பிணியை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் அனுப்புவது என்று முடிவு செய்தோம். எங்கள் அலுவலகத்தில் கணினியில் பதிவு வேலை பார்த்த மும்தாஜ் தானாகவே கையைத் தூக்கினாள். கடைவீதியில் செருப்புக் கடை வைத்திருப்பவரின் மகள். கல்யாணம் ஆகாத பெண். ஆனால் சிரிப்பை அடக்கத் தெரிந்தவள் எங்கள் அலுவலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

“மேடம், வவுத்த மட்டும் ஜீப்ல வெச்சிக் கட்டிக்கிறேன். கடத்தெருவுல எவனாச்சும் பாத்துட்டு எங்க வாப்பாகிட்ட போய்ச் சொன்னா, அவரு கடைய மூடிட்டு வந்துடுவாரு” என்றாள்.

மருதாணி போடுகிற கை அவளுக்கு. கெண்டைக்காலில் உதட்டுச் சாயத்தால் நாய்க்கடி வரைந்தாள் பாருங்கள், எங்கள் டிரைவர் பார்த்துவிட்டு, “எந்தத் தெரு நாய்மா?” என்று கேட்டார். தலையணையை வயிற்றில் கட்டி, மேலே புடவையைச் சுற்றி, இடுப்பில் கையை ஊன்றி நடந்தபோது எனக்கே ஒரு கணம் அவளுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கத் தோன்றியது.

முதல் நிலையத்தில் அவள் ஒரு முனகல் அதிகமாக முனகிவிட்டாள். நாய்க்கடியை யாரும் பார்க்கவே இல்லை. நேரே பிரசவ அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். “கைய கழுவிக்கினு வந்துட்டாங்க மேடம், நான் எகிறிக் குதிச்சி ஓடியாந்துட்டேன்” என்று மூச்சு வாங்க ஜீப்பில் ஏறினாள். இரண்டாவது நிலையத்தில் கடியைப் பார்த்தார்கள், பிறகு வயிற்றைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “கள்ளக்குறிச்சிக்குப் போயிடும்மா, அங்கதான் நல்லா பாப்பாங்க” என்று சொல்லி, ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தைக்கூடக் காட்டினார்கள். நான் நினைத்தபடியே நடந்தது. இரண்டு இடத்திலும் பிறகு உள்ளே போய் உண்மையைச் சொன்னேன். சிரித்தார்கள், வெட்கப்பட்டார்கள், டீ கொடுத்தார்கள். நாங்கள் கிளம்பிய பிறகு வாட்ஸ்அப்பைத் திறந்தார்கள்.

மூன்றாவதாக நாங்கள் போக வேண்டியது கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த ஒரு நிலையம். போகிற வழியில் ஜீப்புக்குப் பஞ்சர். டிரைவர் சக்கரத்தைக் கழற்ற, மும்தாஜ் தலையணையோடு புளியமரத்தடியில் உட்கார்ந்து கடலை தின்ன, அதற்குள் செய்தி எங்களை முந்திக்கொண்டு போய்விட்டது. “பொய்யான கர்ப்பிணி வந்துகொண்டிருக்கிறார். காலில் நாய்க்கடி மாதிரி சாயம். ஏமாந்துவிடாதீர்கள்.”

அந்தச் செய்தியைப் படித்தவள் ரெஜினா. அங்கே புதிதாக வந்திருந்த நர்ஸ். பக்கத்து ஊரில் கரும்பு போடுகிற கிறிஸ்தவக் குடும்பம், வீட்டில் முதல் அரசாங்க வேலை அவளுக்குத்தான். படிப்பில் கெட்டி. டாக்டர் அன்று மலைமேல் முகாமுக்குப் போயிருந்ததால் அவள்தான் பொறுப்பு. இந்தப் பரீட்சையில் மாவட்டத்திலேயே முதலாக வந்துவிட வேண்டும் என்று தலையை வாரிப் பொட்டு… இல்லை, அவள் பொட்டு வைப்பதில்லை, பவுடர் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள்.

சரியாக அந்த நேரத்தில், மலைமேல் ஒரு கிராமத்திலிருந்து அலமேலு என்ற பெண் தன் மாமியாரோடு உள்ளே வந்தாள். நிறைமாதத்துக்குப் பக்கம். காலில் நாய் கடித்திருந்தது. யாருடைய நாயும் இல்லை. எங்கிருந்தோ வந்து, இரண்டு ஆட்டைக் கடித்து, இவளையும் கடித்துவிட்டு ஓடிவிட்டது. வீட்டில் கடிமேல் சுண்ணாம்பையும் காப்பித்தூளையும் அப்பியிருந்தார்கள். காயமே தெரியவில்லை, சேறு பூசிய மாதிரி ஏதோ அப்பிக் கிடந்தது. ரெஜினா அதைப் பார்த்தாள். மேக்கப் கொஞ்சம் ஜாஸ்திதான் என்று நினைத்துக்கொண்டாள்.

இனி நடந்தது பிற்பாடு ரெஜினாவே அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொன்னது.

“நாய் கட்ச்சிடுச்சி நர்சம்மா” என்றாள் அலமேலு.

“கவலைப்படாதீங்க” என்று ரெஜினா நேராக நின்று ஆரம்பித்தாள். “மொதல்ல காயத்த சோப்பு போட்டு, ஓடற தண்ணியில கால் மணி நேரம் கழுவுவேன். கட்டு போட மாட்டேன், தையல் போட மாட்டேன். அப்பறம் தடுப்பூசி போடுவேன். காயத்த சுத்தி மருந்து ஏத்தறதுக்குக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்புவேன். ரணஜன்னி ஊசி போட்டீங்களான்னு கேப்பேன்.”

மாமியார் முன்னால் வந்து, “ஊசி கீசியெல்லாம் வாணாம் நர்சம்மா. வவுத்துல புள்ள கீது. ஏதாச்சும் மாத்திர குடு, போதும்” என்றாள்.

மாமியார் வேஷத்துக்குக்கூட ஆள் போட்டிருக்கிறார்களே என்று ரெஜினாவுக்கு ஒரே உற்சாகம். “கர்ப்பமா இருந்தாலும் இந்த ஊசி போடலாம், போட்டே ஆவணும். கொயந்தைக்கு ஒண்ணும் ஆவாது. போடலன்னாதான் ரெண்டு உயிருக்கும் ஆபத்து” என்று பொறுமையாக, அழகாக, ஒரு தவறும் இல்லாமல் விளக்கினாள். நான் அங்கே இருந்திருந்தால் கைதட்டியிருப்பேன். அலமேலுவின் கண் கலங்கியது. பயத்தில் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். ரெஜினா அசந்துபோனாள். அடடா, என்ன நடிப்பு!

பிறகு சிரித்தாள். “அவ்ளோதான? நான் எல்லாம் சரியா சொல்லிட்டன் இல்ல?”

அலமேலுவுக்கு ஒன்றும் புரியவில்லை. “சரியாத்தான் சொன்னீங்க” என்றாள்.

“அப்ப நீங்க போலாம். ரொம்ப தேங்க்ஸ்ங்க.”

ஊசி இல்லாமலே அனுப்புகிறார்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? மாமியார் மருமகளை இழுத்துக்கொண்டு வெளியே வர, மலைக்குப் போகிற பேருந்து வாசலிலேயே வந்து நின்றது. ஏறிப் போய்விட்டார்கள்.

அது போய்க் கொஞ்ச நேரத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். நான் வாசலில் கால் வைத்ததும் ரெஜினா ஓடி வந்து, “மேடம், எல்லாம் முடிஞ்சிடுச்சி மேடம்! ஒண்ணு விடாம சொல்லிட்டன். அந்தம்மாவே சரின்னு சொல்லிட்டாங்க” என்றாள். முகமெல்லாம் வெளிச்சம்.

எனக்குப் பின்னால் மும்தாஜ் தலையணையைச் சரிசெய்துகொண்டு, முனகியபடி உள்ளே வந்தாள்.

ரெஜினா அவள் வயிற்றைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “அப்ப அவங்க யாரு மேடம்?”

உண்மையான கடி, ஊசி இல்லாமல் மலையேறிக்கொண்டிருக்கிறது. இறங்கிப் போய்விட்டால் எந்த ஊர், எந்த வீடு என்று நாங்கள் எங்கே தேடுவது? ரெஜினாவைத் திட்ட வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். திட்டுவதற்கு நேரம் நிறைய இருக்கிறது, பேருந்துக்குத்தான் நேரம் இல்லை. “ஜீப்ல ஏறு” என்று மட்டும் சொன்னேன். இந்த ஒன்றை வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

டிரைவர் அன்று ஓட்டிய மாதிரி அதற்கு முன்பும் ஓட்டியதில்லை, பிறகும் ஓட்டியதில்லை. வளைவுக்கு வளைவு நான் மும்தாஜ்மேல் விழுந்தேன். தலையணை இருந்ததால் பிழைத்தேன். ரெஜினா ஜெபம் செய்துகொண்டிருந்தாள், மும்தாஜ் துவா செய்துகொண்டிருந்தாள், டிரைவர் எதிரே வந்த லாரிக்காரனை வாழ்த்திக்கொண்டிருந்தார். நான்காவது வளைவோ ஐந்தாவதோ, பேருந்தைப் பிடித்துத் தாண்டி, குறுக்கே நிறுத்தினோம்.

நான் இறங்குவதற்குள் மும்தாஜ் குதித்துவிட்டாள். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையை ஆட்டிக்கொண்டு, பேருந்தைப் பார்த்துத் தலைதெறிக்க ஓடினாள்.

நிறைமாதக் கர்ப்பிணி ஓடுவதைப் பார்த்து ஒரு பேருந்து முழுவதும் அலறினால் எப்படி இருக்கும்? “ஓடாத தாயி!” “குந்துமா, அப்பிடியே குந்து!” “வலி வந்துடுச்சிடா, வண்டிய நிறுத்து!” நடத்துனர் விசிலை ஊதிக்கொண்டே ஆண்களையெல்லாம் கீழே இறக்கினார். பெண்கள் பின் சீட்டில் புடவை விரித்துவிட்டார்கள். ஒரு பெரியவர் துண்டை உதறி வெந்நீர் எங்கே என்று கேட்டார். காட்டு வழியில் வெந்நீருக்கு எங்கே போவது? மும்தாஜை நான்கு பேர் தூக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

“எனக்குப் பிரசவம் இல்லீங்க! வுடுங்க!” என்று அவள் கத்தியதை யார் கேட்டார்கள்? கடைசியில் வேறு வழியில்லாமல் புடவைக்குள் கையை விட்டுத் தலையணையை உருவித் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள்.

வெந்நீர் கேட்ட பெரியவர்தான் முதலில் சிரித்தார். அவரைத் தொடர்ந்து பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன், அடக்க முடியவில்லை. உங்கள் வேலையில் இப்படி ஒரு காட்சி கிடைத்தால் கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர்தான். அலமேலுவும் மாமியாரும்.

நான் படிக்கட்டில் ஏறி, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நாங்கள் வைத்தது பரீட்சை, அந்தப் பரீட்சையில் இவர்களை நடிகர்கள் என்று நினைத்து ஊசி போடாமல் அனுப்பிவிட்டோம், இறங்கி வாருங்கள் என்றேன். மாமியார் எழுந்து நின்றாள். “இன்னா நர்சம்மா வெளையாடறீங்களா? ஒருத்தி பேசிப் பேசி அனுப்புவா, இன்னொருத்தி வவுத்தக் கழட்டிக் கையில வெச்சிக்கினு நிப்பா. உங்கள நம்பி எம் மருமவளுக்கு ஊசி போடச் சொல்றீங்களா? போங்க அந்தாண்ட!”

சரியான கேள்வி. இத்தனை வருட அனுபவத்தில் நான் கற்ற பேச்செல்லாம் அந்தத் தலையணை முன்னால் செல்லாது என்று எனக்குத் தெரிந்தது.

அலமேலு ரெஜினாவைப் பார்த்துக் கேட்டாள். “அங்க நீ சொன்னியே, கொயந்தைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு. அது பரிச்சைக்குச் சொன்னதா, இல்ல நெஜமா?”

ரெஜினா இந்த முறை மனப்பாடத்தைத் தொடவே இல்லை. திரும்பிப் பேருந்தைப் பார்த்து, “யாராச்சும் சோப்பு வெச்சிக்கினு கீறீங்களா?” என்றாள்.

கள்ளக்குறிச்சியில் சாமான் வாங்கித் திரும்புகிற கூட்டம் அது. ஒருத்தி பையைத் துழாவிப் புதுச் சோப்பைப் பிரித்துக் கொடுத்தாள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வந்தது. ரெஜினா அலமேலுவைப் பேருந்துப் படியில் உட்கார வைத்து, வெள்ளைச் சீருடையோடு தார் ரோட்டில் மண்டியிட்டாள். காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கழுவ ஆரம்பித்தாள். தண்ணீர் தீரத் தீரக் கைமாறிக் கைமாறி வந்தது. பக்கத்தில் ஓடை இருக்கிறது என்று ஒருவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நடத்துனர் மணியைப் பார்த்தார், பிறகு வாட்சைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டார். கால் மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று சொல்லும்போது தெரியாது, கழுவிப் பார்த்தால்தான் தெரியும். காப்பித்தூள் கரைந்தது, சுண்ணாம்பு போனது. அடியில் பற்கள் பதிந்த இடம் தெரிந்தது, ஆழமாக.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். மாமியார் குனிந்து அந்தப் பல் தடத்தையே பார்த்தாள்.

ரெஜினா நிமிர்ந்து அலமேலுவிடம், “நெஜம்தான்க்கா” என்றாள். அழுதுகொண்டிருந்தாள். “எங்கூடப் பொறந்தவளுக்குன்னாலும் இதையேதான் செய்வேன்.”

அலமேலு மாமியாரின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ரெஜினாவின் தோளைப் பிடித்து எழுந்து, ஜீப்பைப் பார்த்து நடந்தாள். மாமியார் கூடையை எடுத்துக்கொண்டு முணுமுணுத்தபடி பின்னால் வந்தாள். ஏறும்போது மும்தாஜைப் பார்த்து, “நீ முன்னால குந்து. எம் பக்கத்துல வராத” என்றாள்.

டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு நிலையத்தில் முதல் ஊசி போட்டோம். அதே ஜீப்பில் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப் போய், காயத்தைச் சுற்றிப் போட வேண்டிய மருந்தையும் போட வைத்தோம். ரெஜினா அலமேலுவின் கையை விடவே இல்லை. திரும்பி வந்த பிறகு ரெஜினாவைத் திட்டலாம் என்று நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன். பார்த்தால் முழங்காலில் தார், சீருடையெல்லாம் காப்பிக் கறை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த நிலையத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று மேலே கேட்டார்கள். உள்ளே நடந்த தேர்வில் வாய்க்கு நூறு, கைக்குப் பூஜ்யம் என்றேன். வெளியே தார் ரோட்டில் நடந்ததற்கு மதிப்பெண் போடுகிற தகுதி எனக்கு இல்லை என்றும் சொன்னேன். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. நான் அதற்குள் ஓய்வு பெறுகிற நாளை எண்ணிக்கொண்டிருந்ததால் எனக்கும் கவலை இல்லை. பொய்க் கர்ப்பிணி வேலையை மட்டும் அன்றோடு நிறுத்தினேன். யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்க அதற்குப் பிறகு நான் சும்மா போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வேன். நிஜமான ஆட்கள் வருவார்கள், என்ன நடக்கிறது என்று பார்ப்பேன். வேறு பரீட்சை தேவைப்படவில்லை.

அலமேலு ஒரு ஊசிகூடத் தவறாமல் வந்தாள். பிரசவத்துக்கும் அங்கேயே வந்தாள். பெண் குழந்தை, நல்ல எடை, ஊருக்கே கேட்கிற தொண்டை. தாயும் சேயும் நலம் என்று ரெஜினா எனக்குப் போன் செய்தாள். சொல்லி முடித்தும் போனை வைக்கவில்லை. என்ன என்றேன்.

பிறந்த குழந்தைக்குப் போட வேண்டிய முதல் ஊசியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். குழந்தை மாமியார் மடியில் இருந்ததாம். எதற்கு இந்த ஊசி, போட்டால் என்ன ஆகும், காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் மனதில் அடுக்கிக்கொண்டு போய் எதிரில் நின்றாளாம். அந்த அம்மாள் இவளை நிமிர்ந்து பார்த்தாள். சுற்றியிருந்த துணியைத் தானே விலக்கினாள். குழந்தையின் கையைப் பிடித்து நீட்டி, “போடு” என்றாள்.

“நான் ஒண்ணுமே சொல்லல மேடம்” என்றாள் ரெஜினா. போனில் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. “ஒரு வார்த்தகூடச் சொல்லல!”